இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் ஒரு புள்ளடி ஆசனமாவது எவ்வாறு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாராளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவரும் இரவில், எண்ணப்பட்ட வாக்குகளைவிட, அவற்றிலிருந்து ஆசனங்கள் பிரிக்கப்படும் கணக்கே பலரைத் திகைக்க வைக்கிறது. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 63,000க்கு மேல் வாக்குப் பெற்ற கட்சிக்கும் 28,000 வரை மட்டுமே பெற்ற சுயேச்சைக் குழுவுக்கும் ஒவ்வோர் ஆசனமே கிடைத்தது. இதில் தவறு எதுவும் நடக்கவில்லை. அரசியலமைப்பில் எழுதப்பட்டுள்ள விதி அப்படியே பின்பற்றப்பட்டது. அந்த விதி பற்றியும், வாக்குச்சீட்டைக் கையில் வாங்குவது முதல் உறுப்பினர் ஒருவர் பதவியிழப்பது வரையிலான ஏனைய விடயங்கள் பற்றியும் வாக்காளர்கள் வழமையாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களும் ஒரே முறையிலா தெரிவாகின்றனர்?

இல்லை. 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து மக்களின் வாக்குகளால் தெரிவாகின்றனர். எஞ்சிய 29 பேர் தேசியப் பட்டியல் ஊடாக வருகின்றனர். நிர்வாக மாவட்டங்கள் 25 இருக்க, தேர்தல் மாவட்டங்கள் 22ஆக இருப்பதற்கு வடக்கே காரணம். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமாகவும், வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகவும் அமைகின்றன. மற்ற மாகாணங்களில் நிர்வாக மாவட்டமும் தேர்தல் மாவட்டமும் ஒன்றே.

ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனங்கள் என்பதை யார் தீர்மானிக்கின்றனர்?

எவருடைய விருப்பமும் இதில் இல்லை. வாக்காளர் இடாப்பே தீர்மானிக்கிறது. மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களில் 36, ஒன்பது மாகாணங்களுக்கும் தலா நான்கு வீதம் சமமாக ஒதுக்கப்பட்டவை. சனத்தொகை குறைந்த மாகாணங்களுக்கு இது ஓரளவு பாதுகாப்பு. மற்றைய 160 ஆசனங்களும், பதிவுசெய்யப்பட்ட வாக்காளர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாவட்டங்களுக்கிடையே பகிரப்படுகின்றன. இடாப்பு புதுப்பிக்கப்படும்போது இந்தப் பகிர்வும் மாறக்கூடும்.

அவ்வாறு மாறியதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணம்தான். 2010இல் அங்கே ஒன்பது ஆசனங்கள் இருந்தன; 2015இல் அவை ஏழாயின; 2024இல் ஆறாகக் குறைந்தன. அதே 2024இல் கம்பஹாவுக்கு 19 ஆசனங்களும் கொழும்புக்கு 18 ஆசனங்களும் இருந்தன. போரும் இடப்பெயர்வும் வெளிநாடு செல்வோரின் தொகையும் வாக்காளர் இடாப்பில் விட்ட இடைவெளி, பாராளுமன்றத்தில் ஆசனக் குறைவாக வந்து நிற்கிறது. ஆகவே இடாப்பில் தமது பெயர் இருக்கிறதா என்பதைக் கிராம அலுவலரிடமோ தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலோ சரிபார்த்துக்கொள்வது, வாக்களிக்கும் உரிமைக்காக மட்டும் செய்யப்படும் காரியமன்று. மாவட்டத்தின் பிரதிநிதித்துவமும் அதிலேயே தங்கியுள்ளது.

தொகுதிக்கு ஒருவர் என்றிருந்த பழைய முறை ஏன் கைவிடப்பட்டது?

அந்த முறையில் வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோயிருந்தது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 சதவீத வாக்குகளைப் பெற்று, வேறெந்தத் தனிக் கட்சியையும்விட முன்னணியில் இருந்தது. ஆயினும் தெரிவுசெய்யப்பட்ட 151 ஆசனங்களில் அதற்குக் கிடைத்தவை 17 மட்டுமே. அடுத்த தேர்தலில் ஊசல் மறுபக்கம் சென்றது. 1977இல் அதே கட்சி 51 சதவீத அளவு வாக்குகளோடு 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளைப் பெற்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டு ஆசனங்களே கிட்டின. வடக்கு கிழக்கில் செறிந்த ஆதரவைக் கொண்டிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி, நாடளாவிய ரீதியில் ஏழு சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளோடு 18 ஆசனங்களைப் பெற்றுப் பிரதான எதிர்க்கட்சியானது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. ஆனால் 1982 டிசம்பரில் நடத்தப்பட்ட சர்வசன வாக்கெடுப்பின் மூலம் அப்போதைய பாராளுமன்றத்தின் ஆயுட்காலம் நீடிக்கப்பட்டதால், புதிய முறையிலான முதலாவது பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியிலேயே நடைபெற்றது. விகிதாசாரத்தை எழுதிவைத்த அரசாங்கமே, பழைய முறையில் பெற்ற ஆறில் ஐந்து பெரும்பான்மையைப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

வாக்குச்சீட்டில் எவ்வாறு அடையாளமிட வேண்டும்?

முதலில் ஒரே ஒரு கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயருக்கும் சின்னத்துக்கும் எதிரேயுள்ள கூட்டில் புள்ளடி இட வேண்டும். இதுதான் வாக்கு. அதன் பின்னர், விரும்பினால், அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவருக்கு மேற்படாதோரின் இலக்கங்களின் மீது புள்ளடி இட்டு விருப்பு வாக்கு அளிக்கலாம். சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இரா, இலக்கங்கள் மட்டுமே இருக்கும். எனவேதான் தேர்தல் காலத்தில் மதில்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் முகத்தைவிட இலக்கம் பெரிதாக அச்சிடப்படுகிறது. விருப்பு வாக்கை ஒருவருக்கோ இருவருக்கோ அளிக்கலாம். எவருக்கும் அளிக்காமலும் விடலாம். கட்சிக்கான வாக்கு அதனால் பாதிக்கப்படாது.

எந்த வாக்குகள் நிராகரிக்கப்படுகின்றன?

கட்சிக்கான புள்ளடி இல்லாத சீட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளுக்குப் புள்ளடி இடப்பட்ட சீட்டு, யாருக்கு வாக்கு என்று தெளிவாகாத சீட்டு, வாக்களித்தவரை அடையாளம் காட்டக்கூடிய எழுத்தோ குறியோ உள்ள சீட்டு ஆகியவை நிராகரிக்கப்படும். தமக்குப் பிடித்த வேட்பாளரின் இலக்கத்தில் மட்டும் புள்ளடி இட்டுவிட்டுக் கட்சியை மறந்து வருவோரின் வாக்கு முழுமையாக வீணாகிறது. மாறாக, கட்சிக்குச் சரியாகப் புள்ளடி இட்டு, விருப்பு வாக்கை மூவருக்கு மேல் அளித்திருந்தால், விருப்பு வாக்குகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படா. கட்சியின் வாக்கு செல்லும்.

இது சிறிய விடயமன்று. 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 30,000க்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அங்கே ஓர் ஆசனத்தை வெல்ல அதைவிடக் குறைவான வாக்குகளே போதுமாயிருந்தன. 44 கட்சிகளும் குழுக்களும் நிரம்பிய நீண்ட வாக்குச்சீட்டும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

வாக்குகள் ஆசனங்களாக மாற்றப்படும் கணக்கு என்ன?

நான்கு படிகள் உள்ளன. முதலாவதாக, மாவட்டத்தில் அதிக வாக்குகளைப் பெற்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று வழங்கப்படும். இரண்டாவதாக, மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் ஐந்து சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளும் குழுக்களும் கணக்கிலிருந்து நீக்கப்படும். மூன்றாவதாக, எஞ்சிய கட்சிகளின் மொத்த வாக்குகள், போனஸ் போக மிஞ்சிய ஆசனங்களின் தொகையால் வகுக்கப்படும்; கிடைக்கும் எண்ணே ஓர் ஆசனத்தின் விலை. ஒவ்வொரு கட்சியின் வாக்குகளிலும் அந்த எண் எத்தனை முறை அடங்குகிறதோ அத்தனை ஆசனங்கள் அதற்கு உரியவை. நான்காவதாக, அதன் பின்னரும் ஆசனங்கள் மிஞ்சினால், மீதி வாக்குகள் அதிகமாக உள்ள கட்சிகளுக்கு வரிசைப்படி ஒவ்வொன்றாக வழங்கப்படும்.

2024 யாழ்ப்பாணக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். எண்கள் அண்ணளவாகத் தரப்படுகின்றன. செல்லுபடியான வாக்குகள் 325,000. ஐந்து சதவீத வெட்டுப்புள்ளி 16,250. ஆறு ஆசனங்களுக்காக 44 பட்டியல்களில் 396 வேட்பாளர்கள் நின்றிருந்தனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவை ஆறு பட்டியல்கள் மட்டுமே: தேசிய மக்கள் சக்தி 80,800, இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,300, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 28,000, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு அதைவிடச் சற்றே குறைவு, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,500, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,700. இவற்றின் கூட்டுத்தொகை 240,000. போனஸ் ஆசனம் தேசிய மக்கள் சக்திக்குச் சென்றதால் எஞ்சியவை ஐந்து. 240,000ஐ ஐந்தால் வகுத்தால் 48,000.

அந்த 48,000ஐத் தாண்டியவை இரண்டு கட்சிகளே. தேசிய மக்கள் சக்தி ஓர் ஆசனத்தை எடுத்தபின் அதனிடம் 32,800 வாக்குகள் மீதமிருந்தன. தமிழரசுக் கட்சி ஓர் ஆசனத்தை எடுத்தபின் அதனிடம் மீதமிருந்தவை 15,300 மட்டுமே. இன்னும் மூன்று ஆசனங்கள் இருந்தன. மீதிகளை வரிசைப்படுத்தினால், தேசிய மக்கள் சக்தியின் 32,800, தமிழ்க் காங்கிரஸின் 28,000, சுயேச்சைக் குழுவின் 28,000க்குச் சற்றுக் குறைந்த தொகை ஆகியவை முன்னே நின்றன. அவற்றுக்கு ஒவ்வோர் ஆசனம் கிடைத்தது. தேசிய மக்கள் சக்தி போனஸையும் சேர்த்து மூன்று ஆசனங்களைப் பெற்றது. தமிழரசுக் கட்சியின் மீதி, ஆசனமே கிடைக்காத மற்ற இரு கட்சிகளின் வாக்குகளையும்விடக் குறைவாக இருந்ததால், அதற்கு இரண்டாவது ஆசனம் எட்டவில்லை.

இந்தக் கணக்கில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் எண் ஒன்றுண்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத 38 பட்டியல்களும் சேர்ந்து பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 85,000. முதலிடம் பெற்ற கட்சியின் வாக்குகளைவிட அது அதிகம். நான்கில் ஒரு பங்கு வாக்குகளோடு ஒரு கட்சி பாதி ஆசனங்களைப் பெற முடிந்ததற்கு அந்தக் கட்சியின் வளர்ச்சி பாதிக் காரணமென்றால், மற்றவர்கள் சிதறி நின்றது மறுபாதிக் காரணம். இந்த முறை சிறிய கட்சிக்கு எதிரானது என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரியன்று. ஒரு சிறிய குழு 28,000 வாக்குகளோடு ஆசனம் பெற இந்த முறையே வழிவிட்டது. ஒரே வாக்காளர் கூட்டத்தைப் பல பட்டியல்களாகப் பிரித்துக்கொள்வோரையே அது தண்டிக்கிறது.

போனஸ் ஆசனம் தேர்தல் முடிவை எவ்வளவு தூரம் மாற்றும்?

சிறிய மாவட்டங்களில் பெரிதும் மாற்றும். 18 ஆசனங்கள் உள்ள கொழும்பில் ஓர் ஆசனம் பெரிய விடயமன்று. நான்கு ஆசனங்கள் மட்டுமே உள்ள திருகோணமலையில் அது கால்வாசி. 2024இல் மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு ஐந்தில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. விகிதப்படி ஒன்று, போனஸாக ஒன்று, மீதியால் ஒன்று என அவை வந்தன. யாழ்ப்பாணத்தில் அக்கட்சிக்கு எதிராக நின்ற அதே விதி, மட்டக்களப்பில் அதற்குக் கைகொடுத்தது. அந்தத் தேர்தலில் 22 மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு; ஆகவே மற்றைய 21 போனஸ் ஆசனங்களும் ஒரே கட்சிக்குச் சென்றன.

ஐந்து சதவீத வெட்டுப்புள்ளி எப்போதிருந்து உள்ளது?

1978ஆம் ஆண்டு விதி இதைவிடக் கடுமையானது. எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீத வாக்குகளைப் பெறாத கட்சி கணக்கில் சேராது. 1988 டிசம்பரில் பதினைந்தாவது திருத்தம் அதை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தது. சிறுபான்மைக் கட்சிகளுக்கு வாய்ப்பளித்த இந்த மாற்றத்துக்கு முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் முன்வைத்த கோரிக்கையே காரணம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. பழைய வெட்டுப்புள்ளி நீடித்திருந்தால், 2024 யாழ்ப்பாணத்தில் இரண்டு கட்சிகள் மட்டுமே கணக்கில் நின்றிருக்கும்.

கட்சிக்குக் கிடைத்த ஆசனம் எந்த வேட்பாளருக்குச் செல்லும்?

அந்தக் கட்சிக்குள் அதிக விருப்பு வாக்குகளைப் பெற்றவர்களுக்கு, வரிசைப்படி. ஒவ்வொரு பட்டியலிலும் மாவட்டத்தின் ஆசனத் தொகையைவிட மூவர் கூடுதலாக நிறுத்தப்படுவதால், வேட்பாளர்களுக்கிடையிலான போட்டி கட்சிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. எதிர்க்கட்சிக்காரரைவிடத் தனது பட்டியலில் உள்ள சகாவே நேரடிப் போட்டியாளர் என்ற நிலை, மேடைகளில் தெரியாவிட்டாலும் வீட்டுக்கு வீடு நடக்கும் பிரசாரத்தில் நன்றாகத் தெரியும். நெடுந்தீவு முதல் கிளிநொச்சியின் தெற்கெல்லை வரை ஒரே மாவட்டமாக இருக்கும்போது, அத்தனை இடங்களிலும் தன் இலக்கத்தைக் கொண்டுசேர்க்கப் பணம் வேண்டும். வேட்பாளர்களின் செலவுக்கு 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் உச்சவரம்பு விதித்ததும், தேர்தல் முடிவு வெளியாகி 21 நாள்களுக்குள் செலவு அறிக்கை கையளிக்க வேண்டுமென்று பணித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

கட்சி வாக்குகள் எண்ணப்பட்ட பின்னரே விருப்பு வாக்குகளின் எண்ணிக்கை நிறைவடைகிறது. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று தெரிந்த பிறகும், அவை யாருக்கு என்பது தெரிய மேலும் பல மணி நேரம் ஆவதற்கு இதுவே காரணம். இந்த இடைவெளியில் வதந்திகள் பரவுவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. தெரிவத்தாட்சி அலுவலர் அறிவிக்கும் எண்ணைத் தவிர வேறெதற்கும் பெறுமதியில்லை.

தேசியப் பட்டியலில் வருவோர் மக்களால் தெரிவானவர்களா?

நேரடியாக அல்ல. நாடு முழுவதும் பெறப்பட்ட செல்லுபடியான வாக்குகளுக்கு ஏற்ப 29 ஆசனங்களும் கட்சிகளுக்கிடையே பகிரப்படுகின்றன; இங்கே ஐந்து சதவீத வெட்டுப்புள்ளி இல்லை, மீதிக் கணக்கு உண்டு. 2020இல் ஓர் ஆசனத்துக்குரிய எண் ஏறத்தாழ 400,000ஆக இருந்தபோதும், 68,000க்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற ஒரு சிறிய கட்சிக்கும் ஓர் ஆசனம் கிடைத்தது. தேசியப் பட்டியலில் பெயர் குறிக்கப்பட்டவரையோ, மாவட்டத்தில் போட்டியிட்டுத் தோற்றவரையோ கட்சி நியமிக்கலாம். அறிஞர்களையும் துறைசார் வல்லுநர்களையும் கொண்டுவருவதற்கான வழி என்று விளக்கப்பட்ட ஏற்பாடு, தோற்ற வேட்பாளர்களின் பின்வாசலாகவும் பயன்படுவது உண்மை.

ஓர் ஆசனம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ரணில் விக்கிரமசிங்கவின் அனுபவம் சான்று. 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி எந்த மாவட்டத்திலும் வெல்லவில்லை. அதற்குக் கிடைத்தது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். கொழும்பில் தோற்றிருந்த அவர் 2021 ஜூனில் அதே ஆசனத்தின் வழியாகப் பாராளுமன்றம் வந்தார். 2022 மே மாதத்தில் பிரதமரானார். அதே ஆண்டு ஜூலையில் பாராளுமன்ற வாக்கெடுப்பில் ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

விகிதாசார முறையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காது என்பது உண்மையா?

கடினம் என்று சொல்லலாம். கிடைக்காது என்று சொல்ல முடியாது. 2020இல் சிறீலங்கா பொதுஜன பெரமுன 59 சதவீத வாக்குகளோடு 145 ஆசனங்களை வென்று, மூன்றில் இரண்டுக்கு வேண்டிய 150ஐ நெருங்கியது. 2024இல் தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ 61.6 சதவீத வாக்குகளோடு 159 ஆசனங்களைப் பெற்று அதைத் தாண்டியது. தூய விகிதாசாரமாக இருந்திருந்தால் 139 அளவிலேயே நின்றிருக்க வேண்டும். மேலதிகமாக வந்த இருபதுக்கு, போனஸ் ஆசனங்களும் வெட்டுப்புள்ளியில் கழிந்த வாக்குகளுமே காரணம்.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதியது போல இதிலும் எழுதலாமா?

கூடாது; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜனாதிபதித் தேர்தலில் எண்கள் வாக்காளரின் விருப்ப ஒழுங்கைக் காட்டுகின்றன. எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பம் எண்ணப்படும். 2024 செப்டெம்பரில் முதன்முறையாக அவ்வாறு எண்ணப்பட்டது. பாராளுமன்றத் தேர்தலின் மூன்று விருப்பு வாக்குகளுக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. மூன்றும் ஒரே பெறுமதி உடையவை.

உறுப்பினர் ஒருவர் இறந்தால் அல்லது பதவி விலகினால் இடைத்தேர்தல் நடக்குமா?

நடக்காது. அதே மாவட்டத்தில் அதே பட்டியலில் அடுத்ததாக அதிக விருப்பு வாக்குகளைப் பெற்றவர் அந்த இடத்துக்கு வருவார். தேசியப் பட்டியல் வெற்றிடத்துக்குக் கட்சி பெயர் குறிக்கும். கட்சி உறுப்புரிமையை இழப்பவர் ஆசனத்தையும் இழப்பார் என்று அரசியலமைப்பு கூறுகிறது. ஆனால் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம், வெளியேற்றம் செல்லாதென்று நீதிமன்றம் கண்டால் ஆசனம் அவரிடமே இருக்கும்.

இந்த முறையை மாற்ற முயற்சிகள் நடக்கவில்லையா?

பாராளுமன்றத்துக்குக் கலப்பு முறையைக் கொண்டுவரும் பேச்சு நெடுங்காலமாக உள்ளது. ஆனால் கலப்பு முறை நடைமுறைக்கு வந்த இடங்களின் அனுபவம் உற்சாகம் தருவதாக இல்லை. வட்டாரமும் விகிதாசாரமும் 60க்கு 40 என்ற அளவில் கலந்த உள்ளூராட்சித் தேர்தல் 2018இல் நடந்தபோது, மன்ற உறுப்பினர்களின் தொகை 8,000ஐத் தாண்டியது. முன்பு அது 4,500 அளவிலேயே இருந்தது. மாகாண சபைகளின் நிலை இதைவிட மோசம். 2017இல் அவற்றுக்கான தேர்தல் முறை திருத்தப்பட்டது. அதற்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. பழைய முறைக்கும் திரும்பாமல் புதிய முறையும் தொடங்காமல் தேர்தல்கள் நின்றுபோயின. வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். தேர்தல் முறைச் சீர்திருத்தத்தைக் கேட்கும் எவரும், மாற்றம் நிறைவடையும் வரை பழைய விதிப்படி தேர்தல் நடக்கும் என்ற உறுதியையும் சேர்த்துக் கேட்பதே நியாயம்.

வெளிநாட்டில் வாழும் இலங்கையர் வாக்களிக்கலாமா?

அங்கிருந்தவாறு வாக்களிக்க வழியில்லை. தூதரகங்களில் வாக்களிப்பு நடைபெறுவதில்லை. தபால்மூல வாக்களிப்பு, தேர்தல் நாளன்று கடமையில் இருக்கும் அரச ஊழியர்கள், பொலிஸார், முப்படையினர் போன்றோருக்கே உரியது. இலங்கைக் குடியுரிமையும் இடாப்பில் பெயரும் உள்ளவர் நாட்டுக்கு வந்து தமது வாக்களிப்பு நிலையத்தில் வாக்களிக்கலாம். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களும் அவ்வாறே வாக்களிக்கலாம். ஆனால் 2022ஆம் ஆண்டின் இருபத்தோராவது திருத்தத்தின்படி அவர்கள் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது.